வால்வு வானொலியும் வாடாத ஓசையும்

மாலை நேரம். தோட்டத்து மின்னாக்கி உறுமத் தொடங்குகிறது. லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. முன்கூடத்து மேசைமேல், பூவேலைத் துணியால் மூடப்பட்டிருக்கும் மரப்பெட்டியின் திருகை ஒருவர் திருப்புகிறார். உடனே ஒன்றும் கேட்பதில்லை. அலைவரிசை எண்கள் எழுதிய கண்ணாடியின் பின்னால் வெளிச்சம் பரவுகிறது. பெட்டியின் பின்பக்கத் துளைகள் வழியே செம்மஞ்சள் பொட்டுகள் தெரிகின்றன. அரை நிமிடம் கழிகிறது. பிறகு, தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல ஒரு குரல் மெல்ல வந்து சேர்கிறது. அஞ்சடியில் உட்கார்ந்திருப்போர் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்கின்றனர்.

1950ஆம் ஆண்டுகளில் மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வானொலி கேட்பது பெரும்பாலும் இவ்வாறுதான் இருந்தது. அந்த அரை நிமிடக் காத்திருப்புக்குக் காரணம் பெட்டிக்குள் இருந்த கண்ணாடிக் குழாய்கள். மக்கள் அவற்றை ‘வால்வு’ என்றனர். அறிவியல் தமிழில் அதன் பெயர் வெற்றிடக் குழாய்.

இன்று கைப்பேசியைத் தொட்டவுடன் பாடல் ஒலிக்கிறது. காத்திருப்பு இல்லை, சூடு இல்லை, கனமும் இல்லை. ஆயினும், நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வால்வுத் தொழில்நுட்பம் மறைந்து போகவில்லை. இசைக் கலைஞர்களும் இசை ஆர்வலர்களும் வால்வு பொருத்திய பெருக்கிகளை அதிக விலை கொடுத்து இன்றும் வாங்குகின்றனர். எல்லா அளவைகளிலும் தோற்றுப்போன ஒரு கருவியை மக்கள் ஏன் இன்னும் விரும்புகின்றனர்?

தோட்டத்துக்கு வந்த குரல்

மலாயாவில் ரப்பர் வாணிகப் பயிராகத் தொடக்கக் காலத்திலேயே பயிரிடப்பட்ட இடங்களுள் ஒன்று மலாக்கா. 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் உருவானது. தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பாட்டாளிகளும் பெருகினர். விடியுமுன் பெரட்டு, பகலெல்லாம் பால்வெட்டு, மாலையில் லயம் என்று சுழன்ற அவர்களின் வாழ்க்கைக்கு வெளியுலகச் செய்தி வந்து சேர்வது அரிதாக இருந்தது.

அந்த நிலையை மாற்றிய கருவிகளுள் வானொலியும் ஒன்று. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின் பொறியாளர் ஏ. எல். பெர்ச் முதல் வானொலிப் பெட்டியை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார். 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றுடன் தமிழிலும் அது ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்பதற்காக அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. சொந்தமாகப் பெட்டி வாங்க இயலாதவர்களும் அதன்வழி செய்தியும் பாட்டும் நாடகமும் கேட்டனர். மின்சாரம் எட்டாத இடங்களில் மின்கலத்தால் இயங்கும் வால்வு வானொலிகள் பயன்பட்டன.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின்போதும் வால்வுகள் வேலை செய்தன. கம்பத்தில் கட்டிய கூம்பு வடிவ ஒலிபெருக்கியிலிருந்து பக்திப் பாடல் புறப்பட்டு, ரப்பர் மரங்களைக் கடந்து பக்கத்துத் தோட்டம்வரை கேட்கும். அந்த ஒலிபெருக்கிக்கு வலிமை கொடுத்தது பந்தலுக்குள் இருந்த பெருக்கி. அதைத்தான் மக்கள் ‘ஆம்ப்ளிஃபையர்’ என்று அழைத்தனர்.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத் தமிழ்த் திரைப்பாடல்களைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்தவை வால்வுக் கருவிகள். அப்பாடல்களை ஒலிபரப்பிய நிலையங்களிலும் வால்வுகள். கேட்டவர் வீட்டுப் பெட்டியிலும் வால்வுகள். பாடகரின் வாயிலிருந்து தோட்டத்துக் காதுவரை அந்தக் குரல் கடந்து வந்த வழியெல்லாம் வால்வுகளே. எனவே, முதியவர்கள் ‘பழைய பாட்டின் இனிமை’ என்று சொல்லும்போது, அதில் பாடகரின் குரலோடு வால்வின் குரலும் கலந்திருக்கிறது.

கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது என்ன?

சூடான இழையிலிருந்து மின்னோட்டம் வெற்றிடத்தின் வழியே பாய்வதைத் தாமஸ் எடிசன் 1880ஆம் ஆண்டுகளிலேயே கவனித்திருந்தார். அதைப் பயனுள்ள கருவியாக்கியவர் இங்கிலாந்தின் ஜான் அம்புரோஸ் பிளெமிங். 1904இல் அவர் உருவாக்கிய குழாயில் மின்னோட்டம் ஒரே திசையில் மட்டும் சென்றது. நம் இதயத்தில் உள்ள வால்வுகள் இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதைப் போன்ற செயல் இது. அதனால்தான் பிரிட்டனில் அதற்கு ‘வால்வு’ என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த மலாயாவிலும் அதே பெயர் நிலைத்தது. அமெரிக்கர்கள் அதை ‘டியூப்’ என்கின்றனர்.

1906இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் அக்குழாய்க்குள் மூன்றாவது பாகம் ஒன்றைச் சேர்த்தார். அதன் பிறகே ஒலியைப் பெருக்க வழி பிறந்தது.

அதன் செயல்பாட்டை இவ்வாறு விளக்கலாம். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் நடுவே எதிர்மின்வாய் இருக்கிறது. அதைச் சூடேற்றும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியுள்ள உலோகத் தகடு நேர்மின்வாய். அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கப்படுவதால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இவை இரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பிவலை ஒன்று நிற்கிறது. டி பாரஸ்ட் சேர்த்த பாகம் இதுவே. வலைக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் சற்றே மாறினாலும், அதன் வழியே பாயும் எலெக்ட்ரான்களின் அளவு பெரிதும் மாறுகிறது.

தண்ணீர்க் குழாயின் திருகை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் புரியும். சிறு பிள்ளையின் விரல்கூட அதைத் திருப்பிவிடும். ஆனால், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரின் வேகம் மிகுதி. அந்த வேகத்தைத் தருவது விரலன்று, மேலே இருக்கும் தொட்டி. விரல் செய்வது கட்டுப்படுத்தும் வேலை மட்டுமே. அதுபோல, ஒலிவாங்கியிலிருந்தோ வான்கம்பியிலிருந்தோ வரும் நலிந்த மின்குறிப்பு கம்பிவலையைச் சேர்கிறது. அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வலிமையான மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. முணுமுணுப்பு முழக்கமாகிறது.

குழாயில் காற்று இருந்தால் சூடான இழை எரிந்துபோகும். காற்றின் மூலக்கூறுகள் எலெக்ட்ரான்களின் பாதையையும் தடுக்கும். ஆகவேதான் வெற்றிடம் தேவைப்படுகிறது. எதிர்மின்வாய் போதிய அளவு சூடேறும்வரை எலெக்ட்ரான்கள் வெளிவருவதில்லை. பழைய வானொலியின் அரை நிமிட மௌனம் அதனால் ஏற்பட்டதே.

டிரான்சிஸ்டரின் வெற்றி

வால்வின் குறைகள் பல. அது சூடாகும், உடையும், சில ஆயிரம் மணி நேரம் உழைத்தபின் வலுவிழக்கும், மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும். பெருக்கிகளில் பரவலாகப் பயன்படும் ‘இ.எல். 34’ என்ற வால்வின் இழையைச் சூடாக வைத்திருக்க மட்டும் ஏறத்தாழ 9.5 வாட் மின்சாரம் தேவை. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஓர் அறைக்கே வெளிச்சம் தர அவ்வளவு மின்சாரம் போதும்.

1946இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘எனியாக்’ கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதன் எடை சுமார் 30 டன். ஏதேனும் ஒரு வால்வு பழுதானாலும் கணக்கு தவறிவிடும் என்பதால், அதைப் பராமரிப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதற்கு மாற்று 1947 டிசம்பரில் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன் ஆகிய இருவரும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களோடு வில்லியம் ஷாக்லியும் 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். டிரான்சிஸ்டருக்குச் சூடேறத் தேவையில்லை. உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டியதில்லை. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் சில்லில் ஆயிரம் கோடிக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன.

தோட்டத்து மக்களுக்கு இம்மாற்றம் பெரும் விடுதலையாக வந்தது. மின்னாக்கி ஓடும் நேரத்துக்குக் காத்திராமல், சிறிய மின்கலங்களைப் போட்டு எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய வானொலி கிடைத்தது. முன்கூடத்து மேசையில் அமர்ந்திருந்த குரல் இப்போது தோளில் தொங்கியது. மரப்பெட்டிகள் மெல்லமெல்லச் சாமான் அறைக்குப் போயின.

தோற்றும் தோற்காத ஒலி

அப்படியானால், வால்வு ஏன் முற்றாக மறையவில்லை? விடை, அது ஒலியில் செய்யும் ‘பிழை’யில் இருக்கிறது.

எந்தப் பெருக்கியும் உள்ளே வரும் ஒலியை அப்படியே பெருக்கித் தருவதில்லை. மூலத்தில் இல்லாத சில ஒலிகளையும் சிறிதளவு சேர்த்துவிடும். அவை பெரும்பாலும் மூல அதிர்வெண்ணின் மடங்குகளாக அமையும். எடுத்துக்காட்டாக, ஒரு பாடகரின் ‘ச’ 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது எனக் கொள்வோம். இரண்டாம் மடங்கு 440 ஹெர்ட்ஸ். அதுவும் ‘ச’தான், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. மூன்றாம் மடங்கு 660 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயியின் ‘ப’. இவை இரண்டும் மூலச் சுரத்தோடு இயல்பாக இணைபவை. ஆனால், பதினொன்று, பதின்மூன்று போன்ற உயர்ந்த மடங்குகள் எந்தச் சுரத்தோடும் சரியாகப் பொருந்துவதில்லை. அவை மிகுந்தால் ஒலி கரகரப்பாகிவிடும்.

வால்வு பெருக்கி சேர்க்கும் ஒலிகளில் பெரும்பகுதி கீழ் மடங்குகளைச் சேர்ந்தது. அதனால் கேட்பவர் அதைப் பிழையாக உணர்வதில்லை. குரல் செழுமை அடைந்ததாகவே உணர்கின்றனர். தம்புராவில் தந்திக்கும் பாலத்துக்கும் இடையே ‘ஜீவாளி’ எனும் நூலை வைப்பது நம் இசை மரபில் உள்ள வழக்கம். அந்த நூல் தந்தியின் ஒலியோடு பல மேல்மடங்கு ஒலிகளை எழுப்பி நாதத்தை நிறைவாக்குகிறது. தூய ஒரே அதிர்வெண்ணைவிடக் கூட்டாக ஒலிக்கும் நாதமே செவிக்கு இனியது என்பதைத் தம்புரா செய்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ள வேறுபாடு, பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் ஓட்டும்போது மிகத் தெளிவாகப் புலப்படும். டிரான்சிஸ்டர் பெருக்கி எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் முகட்டைக் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக்கிவிடும். அதனால் ஒவ்வாத மடங்குகள் பெருகும். வால்வோ முகட்டைப் படிப்படியாக மழுக்கும். ஒன்று பாறையில் மோதி நிற்கும் வண்டி என்றால், மற்றொன்று மணலில் ஏறி நிற்கும் வண்டி.

மின்கிதார் கலைஞர்கள் இந்தக் குணத்தையே தங்கள் கருவியின் குரலாக்கிக் கொண்டனர். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷல் தயாரிக்கத் தொடங்கிய வால்வு பெருக்கிகள் ராக் இசையின் போக்கையே மாற்றின. அங்கே பெருக்கி, ஒலியை உரக்கச் செய்யும் பெட்டி மட்டுமன்று. அது கிதாரின் மறுபாதி. கலைஞர் மெதுவாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் உறுமியும் அது பதில் சொல்கிறது. இன்றும் புதிய வால்வுகளை அதிகம் வாங்குவோருள் கிதார் கலைஞர்கள் முதன்மையானவர்கள்.

காது சொல்வதும் அளவை சொல்வதும்

எனினும், வால்வு எப்போதும் மேலானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1978இல் பிரிட்டனின் ‘குவாட்’ நிறுவனத்துப் பெருக்கிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஒன்று வால்வு பெருக்கி; மற்றவை டிரான்சிஸ்டர் பெருக்கிகள். எது ஒலிக்கிறது என்பதைக் கேட்பவர்களுக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றி இயக்கினர். எல்லைக்குள் இயங்கும்வரை, தேர்ந்த செவியுடையவர்களாலும் எது வால்வு என்று உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. நன்கு வடிவமைக்கப்பட்ட பெருக்கிகளிடையே வேறுபாடு மிகச் சிறியது என்பதை இது காட்டியது.

பழைய வானொலியின் இனிமைக்கு வால்வு மட்டும் காரணமும் அன்று. கனத்த மரப்பெட்டி, அகன்ற ஒலிபெருக்கி, கூர்மையான ஒலிகளைக் குறைத்துவிடும் நடுவலை ஒலிபரப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த மெத்தென்ற குரலைத் தந்தன. அதோடு நினைவும் சேர்கிறது. குடும்பமே ஒன்றாக அமர்ந்து கேட்ட பாட்டை, தனியாகக் காதில் செருகிக் கேட்கும் பாட்டோடு எந்தக் கருவியாலும் ஒப்பிட்டு அளக்க முடியாது.

துல்லியம் வேறு, இனிமை வேறு என்பதே இதிலிருந்து அறிய வேண்டியது. துல்லியத்தைக் கருவி அளந்து சொல்லும். இனிமையைக் கேட்பவர்தாம் சொல்ல வேண்டும். கேட்பவரும் சில வேளைகளில் தம் விருப்பத்தால் ஏமாறக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பழுதுபார்க்கும் கை

வால்வின் ஈர்ப்புக்கு மற்றொரு காரணம், அதன் வேலை கண்ணுக்குத் தெரிவது. கைப்பேசியின் சில்லைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. வால்வு வானொலியின் பின்பலகையைக் கழற்றினால், எந்தக் குழாய் எரிகிறது, எது அணைந்து கிடக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். பழுதான வால்வைக் கழற்றிவிட்டு வேறொன்றை அதே குதையில் செருகலாம். சிற்றூர்களில் இருந்த வானொலிக் கடைக்காரர்கள் இவ்வாறே ஒரு பெட்டியைப் பல ஆண்டுகள் உழைக்க வைத்தனர்.

இன்று மலாக்கா நகரின் ஜோங்கர் வீதிப் பழம்பொருள் கடைகளில் அத்தகைய பெட்டிகளைக் காணலாம். பல பெட்டிகள் அழகுப் பொருளாகவே வாங்கப்படுகின்றன. அவற்றை மீண்டும் பேச வைப்பது எளிதன்று. நம் நாட்டு ஈரக்காற்றில் கம்பிகளின் உறை நைந்திருக்கும். உலோகப் பகுதிகள் துருவேறியிருக்கும். பல்லியும் கரப்பான் பூச்சியும் உள்ளே குடியிருந்திருக்கும். காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்ற வேண்டும். வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

இவ்வேலையில் ஆபத்தும் உண்டு. வால்வு பெருக்கிகளுக்குள் 300 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் இருக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகள் அதைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும். எனவே, வீட்டில் பழைய பெட்டி கிடைத்தால் ஆர்வ மிகுதியால் அதை உடனே மின்சாரத்தில் செருகுவதோ திறந்து தொடுவதோ கூடாது. பயிற்சி பெற்றவரிடமே அதைக் கொடுக்க வேண்டும்.

அத்தகைய பயிற்சி பெற்றவர்கள் இப்போது மிகச் சிலரே. வால்வுகளைத் தயாரிக்கும் ஆலைகளும் குறைந்துவிட்டன. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட் நிறுவனமும் இந்தியாவின் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் வானொலி வால்வுகளைத் தயாரித்தன. இன்று ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் உள்ள சில ஆலைகளே பெருமளவு தயாரிக்கின்றன. 2022இல் போரின் காரணமாக ரஷ்ய வால்வுகளின் வரத்து தடைப்பட்டபோது, உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது.

ஆனாலும், வெற்றிடக் குழாய் நம்மைவிட்டு வெகுதொலைவு போய்விடவில்லை. மருத்துவமனையின் ஊடுகதிர்க் கருவியில் இருப்பதும் ஒரு வெற்றிடக் குழாய்தான். சமையலறையின் நுண்ணலை அடுப்பைச் சூடேற்றுவதும் அதன் உறவே.

மலாக்காவின் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களைக் காலி செய்து நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்கள், பழைய வானொலிப் பெட்டியைச் சுமையெனக் கருதிப் பழைய இரும்புக்குப் போட்டதும் உண்டு. பெட்டி போனபோது, அதைத் திறந்து சீராக்கத் தெரிந்த கைகளின் அறிவும் உடன் போனது. எஞ்சியிருக்கும் பெட்டிகளில் ஒன்றாவது மீண்டும் பேசினால், பாட்டனும் பாட்டியும் பால்வெட்டிக் களைத்து வந்து எந்தக் குரலுக்காகக் காத்திருந்தனர் என்பதைப் பேரப்பிள்ளைகள் தங்கள் காதாலேயே கேட்கலாம். அதற்கு அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.